தந்திக்கு முந்திக்கொண்ட கடிதங்கள்

கடற்படை அஞ்சல் பிரிவு, கிடங்கு 17
கலிபோர்னியா
30 ஏப்ரல் 1945

வெர்னா,

உனக்குக் குழந்தை பிறந்துவிட்டது என்று விடுதியில் சொன்னார்கள். பெண்ணாம். நல்லது. நன்றாக இருக்கட்டும்.

ஐந்து மாதமாக நானும் உனக்கு எழுதவில்லை, நீயும் எனக்கு எழுதவில்லை. அதைப் பற்றிப் பேச இப்போது பேனாவை எடுக்கவில்லை. ஒரு காரியம் ஆக வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

என் தம்பி எமிலை உனக்குத் தெரியும். லீவில் வந்தபோது நம் இருவரையும் படகுச் சவாரிக்குக் கூட்டிப்போய், மாலுமி என்று பெயர் வைத்துக்கொண்டு பாதி வழியில் தானே வாந்தி எடுத்தானே, அவன்தான். இந்த மாதம் ஆறாம் தேதி ஒகினாவா பக்கத்தில் அவன் கப்பல்மேல் ஒரு விமானம் வந்து விழுந்தது. முகமும் இரண்டு கைகளும் வெந்துபோயின. ஹவாயில் கடற்படை ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். கண்களைக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

ஜனவரியிலிருந்து நம் கடற்படை ரிசர்வ் பெண்களை ஹவாய்க்கு அனுப்புகிறார்கள். அங்கேயும் தபால் பிரிக்க ஆள் வேண்டுமே. நான் விண்ணப்பம் போட்டேன். லெப்டினன்ட் பிரெஸ்காட் அம்மாள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "அக்டோபர் பதினெட்டு உன் பதிவேட்டுல இருக்கே, குச்சேரா. அது இருக்கற வரைக்கும் உன்னைக் கடல் தாண்டி அனுப்ப எனக்கு அதிகாரம் இல்ல" என்றார்.

அக்டோபர் பதினெட்டு யாருடையது என்று உனக்குத் தெரியும்.

லெப்டினன்டுக்கு நீ ஒரு கடிதம் எழுது. நடந்ததை நடந்தபடி எழுது. வேறொன்றும் எனக்கு வேண்டாம்.

மாக்சின் குச்சேரா
அஞ்சல் பிரிவு, மூன்றாம் நிலை (முன்பு இரண்டாம் நிலை)


பிரெய்னர்ட், மின்னசோட்டா
19 மே 1945

அன்புள்ள மாக்சின்,

உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. இதற்குள் நான்கு தடவை எழுத உட்கார்ந்தேன். முதல் தடவை குழந்தை மார்கிட் அழுதாள். இரண்டாவது தடவை அழவில்லை. ஏன் அழவில்லை என்று அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததில் அரை மணி போய்விட்டது. மற்ற இரண்டு தடவைக்கும் அவளைச் சாக்குச் சொல்ல முடியாது.

எமிலைப் பற்றிப் படித்ததும் கடிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அன்று படகில் எப்படிச் சிரித்தான்! எவ்வளவு பேசினான்! அவன் பேசாமல் படுத்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. (பேசுகிறானா? அதை நீ எழுதவில்லையே.)

அக்டோபர் பதினெட்டை நான் மறந்திருப்பேன் என்று நினைத்திருப்பாய். வரிசை மாறாமல் சொல்கிறேன், கேள். அப்போது எனக்கு மூன்றாவது மாதம். தெரிந்தால் அன்றைக்கே சீருடையைக் கழற்றச் சொல்லி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்கூட. காலை நேரத்தில் தலை தூக்க முடியாது. டோய்வோ நியேமியின் கட்டு நம் நான்காம் மேசைக்கு வந்திருந்தது. இருபத்து மூன்று கடிதங்கள். எல்லாம் ஒரே கையெழுத்து, டுலூத்திலிருந்து அவர் மனைவி எழுதியவை. அவர் பெயர் இறந்தவர்கள் பட்டியலில் வந்துவிட்டது. ஆனால் வீட்டுக்குத் தந்தி போய்ச் சேர்ந்தது என்ற சீட்டு இன்னும் நம்மிடம் வரவில்லை. அந்தச் சீட்டு வரும்வரை கட்டு அலமாரியை விட்டு நகரக் கூடாது, அதன்மேல் முத்திரையும் விழக் கூடாது. சீட்டு வந்த பிறகு வேலை குவியும் என்று எல்லோருமே முன்கூட்டிக் குத்தி வைப்போமே, அப்படித்தான் அன்று நானும் செய்தேன். 'இறந்துவிட்டார்' என்று இருபத்து மூன்று தடவை. கடைசிக் கடிதத்தில் குத்தும்போது வயிற்றைப் புரட்டியது. கைக்கு எட்டிய மேசையில் கட்டை வைத்துவிட்டுக் கழிவறைக்கு ஓடினேன். அது, எழுதியவர்களுக்கே திருப்பி அனுப்புகிறவற்றை வைக்கும் மேசை. வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது மூட்டை கட்டிக்கொண்டு போயிருந்தார்கள். கட்டு அலமாரியில் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, பொய் சொல்கிறேன். நினைக்கவே இல்லை.

பிறகு டுலூத்திலிருந்து பாதிரியாரின் புகார் வந்ததும், முத்திரையில் நம் மேசையின் நான்காம் எண் இருந்ததும், லெப்டினன்ட் அம்மாள் நம் இருவரையும் நிறுத்தி "யாரு?" என்று கேட்டதும் உனக்குத் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் நீ ஓர் அடி முன்னால் வைத்தாய். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். உன் சட்டைக் கையிலிருந்து ஒரு பதவிப் பட்டையைப் பிரித்தார்கள். மூன்று வாரம் கழித்து டாக்டர் என்னைக் கண்டுபிடித்து, நற்சான்றிதழோடு வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அதை என் மாமியார் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். நான் தினமும் அதன் கீழே உட்கார்ந்துதான் பால் கொடுக்கிறேன்.

இன்னும் ஏன் லெப்டினன்டுக்கு எழுதவில்லை என்று சொன்னால் சிரிப்பாய். என் புருஷன் ரஸ்ஸல் கண்ணிவெடி வாரும் கப்பலில் இருக்கிறான். அவனுக்கு எழுதும் கடிதங்களுக்கு எண் போட்டு வைக்கிறேன், இப்போது அறுபத்து ஒன்று. பத்தரை மணிக்குத் தபால்காரர் வருவார். திரைக்குப் பின்னால் நின்று அவர் கையில் என் கையெழுத்துக் கட்டு திரும்பி வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். மற்ற மனைவிகளுக்கு எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று தெரியாது. எனக்கு அந்த முத்திரையின் மை நிறம்கூடத் தெரியும். 'நான்தான் செய்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அடுத்த நாளே யாரோ ஒருத்தி எங்கோ ஒரு மேசையில் என் கடிதங்களை எடுத்து அடுக்குவாள் என்று தோன்றுகிறது. பட்டப்படிப்புப் படித்தவள் எழுதுகிற எழுத்தா இது என்று கேள். நானும் கேட்டுக்கொள்கிறேன்.

கொஞ்சம் அவகாசம் கொடு. எனக்காக நீ செய்ததைத் தெய்வம்தான் செய்யும்.

வெர்னா


கிடங்கு 17
26 மே 1945

வெர்னா,

தெய்வம் கிய்வம் என்று இன்னொரு தடவை எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன். முத்திரை என் கையிலேயே இருக்கிறது.

உன் புருஷன் கப்பலை மூழ்கடிக்கவும் மிதக்க வைக்கவும் உன் கையெழுத்துக்குச் சக்தி உண்டென்றால், உன்னைத் தபால் பிரிக்க வைத்தது தப்பு. அட்மிரல் ஆக்கியிருக்க வேண்டும்.

எமில் பேசுகிறானா என்று கேட்டாய். பேசுகிறான். நர்ஸ் எழுதி அனுப்புகிறாள். "அக்கா, இங்க நர்ஸுங்கல்லாம் என்னை அழகன்னு கூப்பிடறாங்க. கட்டு அவுக்கற வரைக்கும் நானும் மறுத்துப் பேசப் போறதில்ல" என்று ஒரு கடிதம். அதன் அடியில் அவனுக்குத் தெரியாமல் நர்ஸ் இரண்டு வரி சேர்த்திருந்தாள். கைகளைக் கட்டியிருப்பதால் யாராவது ஊட்டினால்தான் சாப்பாடு. வேற்று ஆள் ஊட்டினால் இரண்டு வாயோடு தலையைத் திருப்பிக்கொள்கிறான். சொந்தக்காரர்கள் யாராவது வர முடியுமா என்று கேட்டிருந்தாள். நெப்ராஸ்காவில் சோளக்காட்டை விட்டு அப்பா எங்கே வருவார்? வர முடிந்தவள் நான் ஒருத்திதான். என்னையும் அக்டோபர் பதினெட்டு பிடித்து வைத்திருக்கிறது.

அன்று நான் முன்னால் வந்தது உன்மேல் இருந்த பாசத்தால் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஏன் வந்தேன் என்று நான் உனக்குச் சொன்னதில்லை. சொல்லப் போவதும் இல்லை. நீ எழுத வேண்டியதை எழுது, போதும்.

மாக்சின்


பிரெய்னர்ட்
9 ஜூன் 1945

அன்புள்ள மாக்சின்,

கோபப்படாமல் கடைசி வரை படி.

வியாழக்கிழமை டுலூத் போயிருந்தேன். மார்கிட்டைத் தூக்கிக்கொண்டு மூன்றரை மணி நேரம் பஸ்ஸில். லெப்டினன்டிடம் சொல்வதற்கு முன்னால் திருமதி நியேமியிடம் சொல்வதுதான் முறை என்று பட்டது. முகவரியைத் தேட வேண்டியிருக்கவில்லை. இருபத்து மூன்று உறைகளின் மூலையில் பார்த்தது, மறக்குமா?

ஏரியைப் பார்த்த மேட்டில் சின்ன வீடு. அவள்தான் கதவைத் திறந்தாள். நம்மைவிட நாலைந்து வயது கூட இருக்கும். கையெல்லாம் மாவு.

"யாரு நீங்க?"

"கடற்படை ரிசர்வுல இருந்தேன். தபால் பிரிவுல." அடுத்த வாக்கியத்தை பஸ்ஸிலேயே மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். அதற்குள் அவள் என் கையைப் பிடித்துவிட்டாள்.

"அப்போ டோய்வோவுக்கு நான் எழுதினதெல்லாம் உங்க கை வழியாத்தான் போயிருக்கும்! உள்ள வாங்க. அடடா, இவ்வளவு தூரம் இதைத் தூக்கிக்கிட்டா வந்தீங்க? இப்படிக் குடுங்க அதை."

மார்கிட்டை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் காப்பி வைத்தாள். ஏலக்காய் போட்ட ரொட்டியைச் சூடாக அறுத்துக் கொடுத்தாள். குழந்தை அவள் காதோரத்து முடியைப் பிடித்து இழுத்தது, அவள் விடுவித்துக்கொள்ளவில்லை. நான் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள்.

"கட்டு வந்தது வியாழக்கிழமை. தந்தி வந்தது சனிக்கிழமை. தபால்காரர் கட்டைக் குடுத்துட்டு என் முகத்தைப் பார்க்காமப் போயிட்டார். மேல இருந்த கடிதத்துல, கையுறை பின்னணும், அளவு அனுப்புங்கன்னு கேட்டிருந்தேன். அதுமேல அந்த முத்திரை. ரெண்டு நாள் வீட்டுல யார்கிட்டயும் சொல்லல. சமைச்சேன், துணி காயப்போட்டேன், அத்தைகிட்ட சிரிச்சுப் பேசினேன்."

"ஏன் சொல்லல?"

"அத்தைக்கு, அவரைப் பெத்தவங்களுக்கு, இதயம் சரியில்ல. நான் பகல்ல வேலைக்குப் போயிடுவேன். தந்திக்காரன் வந்து தட்டியிருந்தா அவங்கதான் தனியாப் போய்க் கதவைத் திறந்திருப்பாங்க. முன்னாடியே தெரிஞ்சதால லீவு போட்டேன். டாக்டரை வரச் சொன்னேன். பாதிரியாரை உட்கார வெச்சேன். அதனாலதான் இன்னிக்கு அவங்க உசுரோட உள்ள தூங்கறாங்க."

"உங்களுக்குக் கோபம் வரலையா?"

"யார்மேல? யாரோ ஒரு பொண்ணு தப்பாப் போட்டிருப்பான்னு பாதிரியார் சொன்னார். அவர்தான் புகார் எழுதினார். நான் வேண்டாம்னேன். தப்பாப் போட்டது இவ்வளவு சரியா வந்து சேருமா? எனக்குத் தைரியம் வரட்டும்னு ரெண்டு நாள் முன்னாடி கடவுள் அனுப்பி வெச்சது அது."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் நிறைய ரொட்டி இருந்தது. விழுங்கினேன். விழுங்கிய பிறகும் சொல்லவில்லை. கிளம்பும்போது மீதி ரொட்டியைத் துணியில் கட்டிக் கொடுத்தாள். "மறுபடி வாங்க. அவர் கடிதத்தைத் தொட்டவங்கன்னு இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல" என்றாள்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் மனசு லேசாகிவிட்டது, மாக்சின். பல மாதங்களுக்குப் பிறகு கண்ணை மூடித் தூங்கினேன். ஒருவேளை என் தப்பால் ஓர் உயிர் பிழைத்திருக்கிறதோ என்னவோ. இதை நினைக்க எனக்கு உரிமை உண்டா, சொல்.

லெப்டினன்டுக்கு இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

வெர்னா


கிடங்கு 17
15 ஜூன் 1945

வெர்னா,

ரொட்டி எத்தனை துண்டு சாப்பிட்டாய்? அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாயே.

சொல்லாமலே மன்னிப்பு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாய். அதுவும் துணியில் கட்டி. குழந்தையைக் காட்டி வாங்கியிருக்கிறாய். அந்தப் பெண் யார் கையைப் பிடித்து உள்ளே கூப்பிட்டாள் என்று அவளுக்கே தெரியாது. இனி லெப்டினன்டுக்கு எழுத உனக்கு அவசரம் என்ன? தூக்கம்தான் வந்துவிட்டதே.

எமிலுக்கு ஒரு கண்ணின் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். பார்வை இருக்கிறது. முதலில் கண்ணாடி கேட்டிருக்கிறான். யாரோ அறிவில்லாதவன் எடுத்துக் கொடுத்துவிட்டான். பத்து நாளாக அவன் பேசவில்லை. நர்ஸ் எழுதியிருந்தாள்.

இனி நான் உன்னைக் கேட்க மாட்டேன்.

மாக்சின்


பிரெய்னர்ட்
23 ஜூன் 1945

மாக்சின்,

மூன்று துண்டு.

செவ்வாய்க்கிழமை லெப்டினன்ட் பிரெஸ்காட்டுக்கு எழுதித் தபாலில் போட்டேன். அதில் எழுதியது இவ்வளவுதான்: 'சென்ற அக்டோபர் 18 அன்று, தந்திச் சீட்டு வருவதற்கு முன்பே டோய்வோ நியேமியின் கடிதங்களில் முத்திரை குத்தியது நான். அவற்றைத் திருப்பி அனுப்பும் மேசையில் வைத்ததும் நான். அப்போது நான் கர்ப்பமாக இருந்தேன், அதை மறைத்தேன். மாக்சின் குச்சேரா என் தப்பைத் தன்னுடையது என்று சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன், பேசவில்லை. அவருக்கு இதில் பங்கு எதுவும் இல்லை. இதை எழுத எட்டு மாதம் தாமதித்ததற்கு என்னிடம் காரணம் இல்லை.'

போட்ட பிறகு மாமியாரிடமும் சொன்னேன். அவள் சட்டத்தைச் சுவரிலிருந்து எடுத்துத் துடைத்து இழுப்பறையில் வைத்தாள். "ரஸ்ஸலுக்கு எழுதாதே. கடல்ல இருக்கறவனுக்கு இது வேண்டாம்" என்றாள். என்னை அவள் அதட்டியிருந்தால் தேவலை.

அடுத்த நாள் டுலூத் போனேன். குழந்தையைக் கொண்டுபோகவில்லை. நீ சொன்னது சுட்டது.

திருமதி நியேமி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "எங்க குட்டி?" என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். நான் நின்றபடியே சொன்னேன். முத்திரை, மேசை, வாந்தி, எல்லாம். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். ரொம்ப நேரம் சட்டைக் கையை நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

"அப்போ உனக்கு வயித்தைப் புரட்டிச்சு" என்றாள்.

"ஆமா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அந்த ரெண்டு நாளை நான் எப்படிக் கடந்தேன்னு உனக்குத் தெரியுமா? எனக்காக யோசிச்சு யாரோ அனுப்பியிருக்காங்கன்னு நினைச்சுத்தான். அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இத்தனை நாளும் காலையில எழுந்திருச்சேன். இப்போ அதையும் எடுத்துக்கிட்டே."

மன்னித்துவிடுங்கள் என்றேன். அவள் கோபப்படவில்லை. "நாலு மணிக்கு பஸ் இருக்கு. அத்தை எழுந்திருக்கறதுக்குள்ள கிளம்பும்மா. அவங்க காதுல இது விழக் கூடாது" என்றாள். கதவு வரை வரவில்லை.

முதலில் சொல்லாமல் வந்தது தப்பு. இப்போது சொன்னது சரிதானா என்று தெரியவில்லை. உனக்குச் செய்ய வேண்டியதை மட்டும் செய்துவிட்டு வீட்டில் கிடந்திருக்கலாம். இந்தத் தடவை பஸ்ஸில் தூக்கம் வரவில்லை.

எமிலிடம் போய்ச் சேர்.

வெர்னா


ஹவாய்
14 ஜூலை 1945

அன்புள்ள வெர்னா,

முகவரியைப் பார்த்தே புரிந்திருக்கும். ஒன்பதாம் தேதி வந்திறங்கினேன்.

எமில் கட்டிலுக்கு நான்கு கட்டில் முன்னாலேயே, "யாரு, மாக்சினா? வண்டிமாடு நடக்கற மாதிரி சத்தம் வந்தப்பவே நினைச்சேன்" என்று குரல் வந்தது. ஐந்து வாரமாக வாயைத் திறக்காதவன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். நான் போய் அந்தப் பக்கமே உட்கார்ந்தேன். இப்போது ஷிஃப்ட் முடிந்ததும் போய் மூன்று நேரத்துக்கான சண்டையையும் சேர்த்துப் போட்டு ஒரு வேளைச் சாப்பாடு ஊட்டுகிறேன். கிண்ணம் காலியாகிறது. "எப்படிக்கா உன்னை விட்டாங்க?" என்று கேட்டான். நல்ல பேர் எடுத்தேன் என்று சொன்னேன்.

எப்படி எடுத்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். இங்கே வந்த நாளாக இதை எழுதத் தொடங்கிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இப்போதுதான் தெரிகிறது, உன் பதினைந்து நாள் எப்படிப்பட்டதென்று.

லெப்டினன்ட் அம்மாள் என்னைக் கூப்பிட்டு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினார். பட்டையைத் தன் கையாலேயே கொடுத்தார். "ஒரு சிநேகிதிக்காக எட்டு மாசம் வாயைத் திறக்காம இருந்திருக்கியே, குச்சேரா. உன்ன மாதிரி ஆளுங்கதான் ரிசர்வுக்கு வேணும். நீ ஏதாவது சொல்லணுமா?" என்றார்.

"ஒண்ணும் இல்ல, மேடம்" என்றேன்.

இருந்தது. அக்டோபர் பதினெட்டு காலையில் நீ அந்தக் கட்டை வைத்ததை நான் பார்த்தேன்.

நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எட்டு அங்குலம். மேல் உறையின் முத்திரை தெரிந்தது. சீட்டு இல்லாததும் தெரிந்தது. எடுத்து அலமாரியில் வைக்கக் கையை நீட்டினேன். அப்புறம் கையை மடக்கிக்கொண்டேன். அந்த வாரத்தில் அது நீ எழுந்து ஓடிய மூன்றாவது தடவை. ஒவ்வொரு தடவையும் உன் குவியலை நான்தான் பார்த்தேன். என்ன உடம்பு என்று கேட்டால் "ஒண்ணும் இல்லடி" என்பாய். வாந்தி என்றால் என்ன என்று ஏழு பிள்ளை பெற்ற வீட்டில் வளர்ந்தவளுக்குத் தெரியாதா? என்னிடம்கூடச் சொல்லவில்லையே என்று எரிந்துகொண்டிருந்தேன். மூட்டை கட்டுமுன் சரிபார்க்கிறவர் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து உன்னை நாலு பேர் எதிரில் திட்டட்டும், ஒரு தடவை திட்டு வாங்கட்டும் என்று நினைத்தேன். அன்று ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று சரிபார்க்காமலே கட்டிவிட்டார்கள். மூட்டையைத் தூக்கும்போதும் பார்த்தேன். அப்போதுகூட ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுத்தால், இவ்வளவு நேரம் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்பார்களே என்று இருந்துவிட்டேன்.

அதனால்தான் முன்னால் வந்தேன். உனக்காக இல்லை. பட்டை போனபோது அப்பாடா என்றிருந்தது. பிறகு எமிலுக்கு இப்படி ஆனதும், தண்டனை போதும், மிச்சத்தை நீ எடுத்துக்கொள் என்று உன்னை விரட்டினேன். ரொட்டி எத்தனை துண்டு என்று கேட்டேன். 'அவருக்கு இதில் பங்கு எதுவும் இல்லை' என்ற உன் வரியை லெப்டினன்ட் படித்தபோது விறைத்து நின்று கேட்டுக்கொண்டேன். நீ அன்று நின்ற மாதிரியே.

திருமதி நியேமிக்கு எழுதப் போகிறேன். அவள் முகவரி எனக்கும் மறக்கவில்லை. பிறகு லெப்டினன்டுக்கும்.

மாக்சின்


பிரெய்னர்ட்
24 ஜூலை 1945

மாக்சின்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வீட்டில் இருந்த குழந்தைத் துணியையெல்லாம் துவைத்தேன். சுத்தமாக மடித்து வைத்திருந்ததையும் எடுத்துத் துவைத்தேன்.

எட்டு அங்குலம்! நீட்டிய கையை நீ மடக்காமல் இருந்திருந்தால் டுலூத்தில் ஒருத்தி அந்தக் கட்டை அப்படி வாங்கியிருக்க மாட்டாள். உனக்கு என்மேல் கோபம் என்றால் என் தலைமுடியைப் பிடித்து இழுத்திருக்கலாமே. கர்ப்பமாக இருந்த ஒவ்வொரு நாளும், பெற்ற பிறகு ஒவ்வொரு நாளும், உன்னை நல்லவள் என்றும் என்னைப் பாவி என்றும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தக் கோபம் போகுமா தெரியாது. ஆனால் நீ எடுக்காத கட்டை அங்கே கொண்டுபோய் வைத்தது நான். உன்னிடம் சொல்லாமல் மறைத்ததும் நான். அதையும் இதே கடிதத்தில் எழுதாவிட்டால் பிறகு எழுத மாட்டேன்.

திருமதி நியேமிக்கு எழுதாதே. நான் போய்ச் சொன்னது அவளுக்காகவா எனக்காகவா என்று இன்னும் விளங்கவில்லை. ஒருத்தி வாந்தி எடுத்ததால் என்று ஏற்கெனவே தெரிந்துகொண்டாள். இன்னொருத்தி கோபித்துக்கொண்டதால் என்று வேறு தெரிய வேண்டுமா? நம் இருவர் மனசையும் சுத்தம் பண்ணுவதற்கு அவள் வீட்டுக் கதவு எத்தனை தடவை திறக்கும்?

லெப்டினன்டுக்கு எழுது. அது நியாயம். ஆனால் இப்போது வேண்டாம். எழுதினால் அடுத்த கப்பலிலேயே உன்னைத் திருப்பி அனுப்புவார்கள். எமில் தன் கையால் கரண்டி பிடிக்கட்டும். அந்த முகத்தோடு வெளியே நாலு பேர் எதிரில் நடந்து போகட்டும். அதன் பிறகு எழுது. அதுவரை அக்டோபர் பதினெட்டு என் பெயரிலேயே இருக்கட்டும். முன்பு உன் முதுகில் ஏற்றிவிட்டு நின்றேன்; இப்போது தெரிந்தே வைத்துக்கொள்கிறேன்.

அந்த நாள் வந்த பிறகும் நீ எழுதாமல் இருந்துவிடலாம். நான் கேட்க மாட்டேன். அது எவ்வளவு எளிது என்று எனக்குத் தெரியும்.

வெர்னா